படம் வரையத் தெரியாது, காமிக்ஸ் செய்ய ஆசை: ஓவியரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் காமிக்ஸுக்குக் கதை எழுதுகிறவன். வரைவது என் வேலை இல்லை, வராது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இணையத்தில் சித்திரக்கதை வெளியிட ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நம் ஊர்க் கதைகள் படமாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

வரையத் தெரியாதவர் காமிக்ஸ் செய்ய முடியுமா?

முடியும். உலகில் பல இடங்களில் இந்தத் துறை அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் கதை எழுதுவார், ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் மை போடுவார், வண்ணத்துக்கு ஒருவர், பேச்சுக் குமிழில், அதாவது பலூனில், வசனம் எழுத ஒருவர். தமிழ் வார இதழ்த் தொடர்களும் எழுத்தாளர் ஒருவர், ஓவியர் ஒருவர் என்ற இணையால்தான் வளர்ந்தன. வரையத் தெரியாதது குறையே இல்லை. எழுதும் பங்கை முழுதாகச் செய்யாமல் ஓவியரைத் தேடிப் போவதுதான் வேலையைக் கெடுக்கிறது.

என்னிடம் அருமையான ஐடியா இருக்கிறது. சொன்னால் ஓவியர் ஆர்வமாக வரமாட்டாரா?

பெரும்பாலும் வரமாட்டார். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கத்துக்கான வசனத்தை நீங்கள் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். அதே பக்கத்தை வரைந்து, மை போட்டு, வண்ணம் தீட்ட அவருக்கு ஒரு முழு நாள் போகும். பின்னணியில் தூணும் வேலைப்பாட்டு நிலைக்கதவுமாக ஒரு செட்டிநாட்டு வீடு இருந்தால் இரண்டு நாள். 200 பக்கக் காவியம் என்று நீங்கள் சொன்னதும், வருஷம் முழுக்கச் சம்பளமில்லாத வேலை என்றுதான் அவர் காதில் விழும். எல்லா ஓவியரிடமும் சொந்தமாக வரைய ஆசைப்படும் கதைகளும் இருக்கின்றன. அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு உங்கள் கதையை அவர் ஏன் எடுக்க வேண்டும்?

ஆகவே முதல் கதை நான்கு பக்கம், அதிகம் போனால் எட்டுப் பக்கம். ஆரம்பம், முடிவு எல்லாம் அதற்குள்ளேயே. பெரிய கதை பத்திரமாக இருக்கட்டும். நான்கு பக்கத்தை முடித்து வெளியிட்டவருக்கு அடுத்த ஓவியர் கிடைப்பது எவ்வளவோ எளிது.

ஓவியரிடம் போகும்முன் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

முடிந்த ஸ்கிரிப்ட். "மீதியை அப்புறம் எழுதித் தருகிறேன்" என்பது கூடாது. பக்கம் பக்கமாக, கட்டம் கட்டமாக எழுதியிருக்க வேண்டும். ஒரு கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

*பக்கம் 2, கட்டம் 1. பக்கத்தின் மேல்பாதி முழுவதும். மதியம், நல்ல மழை. வளவு (வீட்டின் நடுமுற்றப் பகுதி). நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டுகிறது. அப்பத்தா தூணில் சாய்ந்து ஓலைக் கொட்டான் (கூடை) பின்னுகிறார். நாம் அவர் முதுகுப்பக்கமிருந்து பார்க்கிறோம். தூரத்தில் நிலைவாசலில் பேரன், தோளில் பை, நனைந்திருக்கிறான்.*
*அப்பத்தா: வந்துட்டியாப்பா?*
*பேரன்: வீட்டை விக்கப் போறதாச் சொன்னாங்க.*

இடம், நேரம், யார் எங்கே, நாம் எங்கிருந்து பார்க்கிறோம், யார் என்ன பேசுகிறார்கள். இவ்வளவு போதும். தூணின் நிறம், சேலையின் கரை எல்லாம் கதைக்குத் தேவைப்பட்டால் மட்டும் சொல்லுங்கள். மற்றதை ஓவியரின் கண்ணுக்கு விட்டுவிடுங்கள். அந்த இடம் அவருடையது.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு எல்லாம் நேரும் சிக்கல் ஒன்று உண்டு. "அவள் எழுந்து, பெட்டியைத் திறந்து, கடிதத்தை எடுத்துப் படித்து அழுகிறாள்" என்று ஒரே கட்டத்துக்கு எழுதிவிடுவார்கள். அதை யாராலும் வரைய முடியாது. ஒரு கட்டத்தில் ஒரு ஆள் ஒரு செயலைத்தான் செய்ய முடியும். எந்தச் செயலை விட்டால் கதை புரியாமல் போகும் என்று பார்த்து, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு நான்கைந்து கட்டம், பலூனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அதற்கு மேல் போனால் பலூன் முகத்தை மறைத்துவிடும்.

குச்சி மனிதர்களை வைத்து நானே வரைந்து வெளியிடலாமா?

தாராளமாக. ஜப்பானில் 'ஒன்' என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர் 2009இல் தன் கதையைச் சுமாரான கோடுகளில் தானே வரைந்து இணையத்தில் போட்டார். 'ஒன் பஞ்ச் மேன்' என்ற அந்தக் கதைக்குப் பெரிய வாசகர் கூட்டம் சேர்ந்தது. தேர்ந்த ஓவியரான யூசுகே முராட்டா தானே அவரைத் தொடர்புகொண்டார். 2012இலிருந்து அதே கதை முராட்டாவின் கையால் மறுபடி வரையப்பட்டு வந்தது.

வெளியிடாவிட்டாலும் உங்கள் ஸ்கிரிப்ட்டைக் குச்சி உருவங்களாக ஒரு தடவை வரைந்து பாருங்கள். ஒரு கட்டத்துக்குள் மூன்று பலூன் அடைபடாது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் ஓவியர்களை எங்கே தேடுவது?

இன்ஸ்டாகிராமுக்குப் போகும் முன் ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில், கடைப் பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் கையால் எழுதியவர்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இவர்களில் பலருக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் தமிழ் எழுத்தைத் தூரிகையில் வளைத்து எழுதும் கை அப்படியே இருக்கிறது. உங்கள் காமிக்ஸின் தலைப்பையும், 'தடால்', 'சளசள' போன்ற ஒலிச்சொற்களையும் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டர் எழுத்துரு எதிலும் அந்த உயிர் வராது. சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் யாருடைய சேகரிப்பிலிருந்து பிறந்தது? நம் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஒரு கலைஞர் சேர்த்த புத்தகங்களிலிருந்து. நம் மண்ணில் இந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு பெருமை உண்டு. இவர்களுக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். நேரில் போய், "அண்ணே, ஒரு சித்திரக்கதைக்குத் தலைப்பு எழுதணும்" என்று கேளுங்கள். கூலியை அவரே சொல்லட்டும்.

அடுத்து பள்ளி ஓவிய ஆசிரியர்கள். அவர்களுக்கே நேரம் இல்லாமல் போகலாம். ஆனால் எந்தப் பழைய மாணவி இப்போதும் விடாமல் வரைகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கும்பகோணம் நமக்குப் பக்கம்தான். மாணவர் கண்காட்சி நடக்கும் நாளில் போனால் ஒரே இடத்தில் ஐம்பது கைகளின் வேலையைப் பார்க்கலாம். ஒன்று கவனியுங்கள்: ஒற்றைப் படம் அழகாக வரைவது வேறு, ஒரே முகத்தை இருபது கோணத்தில் அதே முகமாக வரைவது வேறு. ஓவியம் பிடித்திருந்தால், அதே பாத்திரத்தின் தொடர்ச்சியான படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

கோபுரத்தில் சுதை வேலை செய்கிறவர்களையும் சிலர் கேட்கிறார்கள். அவர்களின் கோடு அபாரமானது. ஆனால் அவர்கள் பழகிய வேகமும் வேலைமுறையும் வேறு. பக்கம் பக்கமாக வரையச் சொல்வதைவிட அட்டைப்படத்துக்கோ, கதையில் வரும் தெய்வ உருவத்துக்கோ அவர்களிடம் போவது பொருத்தம்.

இணையத்தில் என்றால் இன்ஸ்டாகிராம், ஓவியர்கள் தங்கள் வேலையைக் காட்டி வைக்கும் பிஹான்ஸ், ஆர்ட்ஸ்டேஷன் தளங்கள், மூன்றும் போதும். அக்டோபர் மாதத்தைத் தவறவிடாதீர்கள். 'இங்க்டோபர்' என்று உலகம் முழுக்க ஓவியர்கள் நாளுக்கொரு மைச்சித்திரம் போடும் மாதம் அது. ஒருவரின் ஒழுங்கும் வேகமும் அந்த ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும். 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்ற காமிக்ஸ் விழா முதல் தடவையாகச் சென்னைக்கு வந்தது. அங்கே சுயமாக வரைந்து விற்கும் ஓவியர்களுக்கென்று தனி மேசை வரிசை உண்டு. அவர்களின் சிறு புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, படித்துவிட்டு, அப்புறம் பேச்சைத் தொடங்குங்கள்.

முதல் செய்தியில் என்ன எழுத வேண்டும்?

சுருக்கமாக, உண்மையாக. இப்படி:

*"வணக்கம். நீங்கள் போட்ட பேருந்து நிலைய வரிசைப் படங்களைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒவ்வொருவர் நிற்கும் விதமும் வேறாக இருந்தது பிடித்தது. நான் காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். நான்கு பக்கக் கதை ஒன்று ஸ்கிரிப்ட்டாக முடிந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை. பக்கத்துக்கு உங்கள் கட்டணம் என்ன, இரண்டு மாதத்துக்குள் நேரம் இருக்குமா என்று சொன்னால் ஸ்கிரிப்ட்டை அனுப்புகிறேன்."*

அவருடைய வேலையில் குறிப்பாக எது பிடித்தது, எத்தனை பக்கம், பணம் உண்டா, எப்போதைக்குள். நான்கும் இருக்க வேண்டும். "ஹாய், ஒரு சூப்பர் ப்ராஜெக்ட் இருக்கு, கால் பண்ணுங்க" என்று அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். அதோடு விட்டுவிடுங்கள்.

கையில் காசு இல்லை. லாபத்தில் பங்கு தருகிறேன் என்று சொல்லலாமா?

இணையக் காமிக்ஸில் தொடக்கத்தில் லாபமே இருக்காது என்பது ஓவியர்களுக்கு நன்றாகத் தெரியும். இல்லாத ஒன்றில் பாதி தருவதாகச் சொல்வது அவர்களுக்கு மரியாதை இல்லை. கொஞ்சமாவது சேர்த்துக்கொண்டு போங்கள். பக்கத்துக்கு 1,000 ரூபாய் என்று பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கத்துக்கு 4,000. தொடங்கும்போது 2,000, பென்சில் வேலை நான்கு பக்கமும் முடிந்ததும் 1,000, முடித்துக் கொடுத்ததும் 1,000. பணம் குறைவாக இருந்தால் பக்கத்தைக் குறையுங்கள், வண்ணத்தை விடுங்கள். அவர் சொன்ன கட்டணத்தைக் குறைத்துப் பேரம் பேசாதீர்கள்.

பணமே முடியாது என்றால் அதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டு, நீங்கள் எந்த வேலையைச் சுமக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். பலூனில் எழுத்துப் போடுவது, தளத்தில் ஏற்றுவது, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது எல்லாம் உங்கள் தலையில். உங்களைப் போலவே இப்போதுதான் தொடங்கும் ஒருவரைத் தேடுங்கள். அப்போது கதையிலும் அவருக்குச் சமமான பேச்சு இருக்க வேண்டும்.

உரிமை யாருக்கு? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் தேவையா, நண்பர்கள்தானே?

நண்பர்கள் என்பதால்தான் தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 பொதுவாகச் சொல்வது, படைத்தவரே முதல் உரிமையாளர். எழுதியது உங்களுடையது, வரைந்தது அவருடையது. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு விதி மாறும். காமிக்ஸ் பக்கம் அதில் அடங்குமா என்று பின்னால் வாதம் வளர இடம் வைக்காதீர்கள். முதலிலேயே எழுதிவிடுங்கள்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை அது காலாவதியாகிவிடும். 57ஆம் பிரிவின்படி, உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு.

ஒரு பக்கத் தாள் போதும். யார் என்ன செய்கிறார், பணம் எவ்வளவு எப்போது, இணையத்தில் வெளியிட யாருக்கு அனுமதி, பின்னால் புத்தகமாகவோ திரைப்படமாகவோ போனால் வருமானம் எப்படிப் பிரியும், மூலப் படங்கள் யாரிடம் இருக்கும், ஒருவர் விலகினால் என்ன. சம பங்காளிகள் என்றால் இருவர் சம்மதமும் இல்லாமல் விற்பதில்லை என்று ஒரு வரி. பெரிய தொகை வந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில் வரட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஓவியர் சென்னையிலோ கோவையிலோ இருக்கிறார். செட்டிநாட்டு வீட்டை எப்படிச் சரியாக வரைவார்?

நீங்கள் காட்டினால் வரைவார். இந்த இடத்தில்தான் வரையத் தெரியாதவரின் உழைப்புக்கு நல்ல பலன் இருக்கிறது.

வெளியூர்க்காரருக்குச் செட்டிநாடு என்றால் தூணும் சிவப்புத் தரையும்தான். வீட்டின் போக்கை அவருக்குச் சொல்லுங்கள். தெருவிலிருந்து முகப்பு, உள்ளே வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் நின்றால் நேர்கோட்டில் கடைசி வாசல்வரை தெரியும். காமிக்ஸ் கட்டத்துக்கு இந்த நேர்கோடு பெரிய வரம்: கண் தானாக உள்ளே ஓடும். வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் கோடு போட்டு அனுப்புங்கள். அம்புக்குறி போட்டு, இந்தக் கட்டத்தில் நாம் இங்கே நிற்கிறோம் என்று குறியுங்கள். இதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை.

போட்டோ எடுக்கும்போது அழகான கோணத்தைத் தேடாதீர்கள். ஒரே இடத்தில் நின்று நாலு பக்கமும் எடுங்கள். ஒரு ஆளை நிற்க வைத்து எடுங்கள், அப்போதுதான் தூணின் உயரம் புரியும். காலை வெயிலும் மாலை வெயிலும் வளவில் எங்கே விழுகிறது என்று இரண்டு வேளையும் எடுங்கள். பூ வேலைப்பாட்டுத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லை நேர் மேலிருந்து, கோணல் இல்லாமல் எடுத்து அனுப்பினால், ஓவியர் அதை மென்பொருளில் திரும்பத் திரும்பப் பதித்துத் தரை முழுக்க விரித்துக்கொள்வார். ஒவ்வொரு பூவாக அவர் வரையும் நேரம் மிச்சம். எல்லா வீட்டிலும் ஆத்தங்குடிக் கல் இல்லை, சில இடத்தில் இத்தாலி மார்பிள், சுவரில் ஜப்பான் ஓடு. உங்கள் கதை வீட்டில் எது என்று முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்குள் எடுக்க அனுமதி கேட்டே எடுங்கள். பெரும்பாலான வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொது. காவலுக்கு இருப்பவர் சரி என்றாலும் உரியவர் ஒருவரிடம் போனில் கேட்டுவிடுங்கள். அடையாளம் தெரியும்படி அப்படியே வரைவதைவிட, நாலு வீட்டின் கூறுகளைக் கலந்து கதைக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொள்வது நல்லது.

பேச்சும் அப்படித்தான். நகரத்தார் வீட்டுக் கதையில் அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா, அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா. உறவுப்பெயரோடு ஒவ்வொருவரின் வயது, உடை, நகையைக் குறித்து ஒரு பட்டியல் கொடுங்கள்.

எத்தனை தடவை திருத்தம் கேட்கலாம்?

பென்சில் வேலை நடக்கும்போது தாராளமாகக் கேளுங்கள். மை போட்ட பிறகு தவறு மட்டும். வண்ணம் முடிந்த பிறகு கேட்டால் தனியாகப் பணம். இதையும் அந்த ஒப்பந்தத் தாளில் எழுதுங்கள். "ஏதோ சரியில்லை" என்று சொல்லாமல், "மூன்றாவது கட்டத்தில் அவர் கோபமாகத் தெரிகிறார், சோர்வாக இருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்த்துச் சொல்லுங்கள்.

பலூனில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே?

ஒற்றைக்கொம்பு தனியே, புள்ளி தனியே போய் நிற்கும். மென்பொருள் தமிழைச் சேர்த்து எழுதப் பழகாததால் வருவது. ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினால் சரியாகும். இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் எழுத்தைப் போடுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் கவிவனார், பலூ தம்பி, மீரா இனிமை, காட்டமரான் போன்ற தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. விற்கும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். சாய்ந்த கையெழுத்துபோல் இருக்கும் கவிவனார் கடிதம், நினைவோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

எழுத்துப் போடும் வேலையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் வசனத்தை மாற்ற யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.

ஏஐ வைத்துப் படம் போட்டுவிட்டால் என்ன?

நான் செய்வதில்லை. ஓவியர்களின் வேலையை அவர்களைக் கேட்காமல் எடுத்துப் பழக்கிய கருவிகள் என்ற வருத்தம் அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. பின்னால் நீங்கள் ஓவியரைத் தேடும்போது அதுவே தடையாக நிற்கும்.

எங்கே வெளியிடுவது? ஓவியர் பாதியில் விலகினால்?

வெப்டூன் என்ற இணையக் காமிக்ஸ் தளத்தின் கேன்வாஸ் பகுதியில் யாரும் ஏற்றலாம். மேலிருந்து கீழாக ஓடும் வடிவம், 800 பிக்சல் அகலம். இன்ஸ்டாகிராமில் சதுரப் பக்கங்களாகப் போடலாம். இரண்டுக்கும் கட்டங்களின் அடுக்கு வேறு என்பதால், வரையத் தொடங்கும் முன்பே எது என்று முடிவு செய்யுங்கள். பின்னால் அச்சிடும் எண்ணம் இருந்தால் மூலக் கோப்பு அச்சு அளவில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். சிறிதாக்குவது எளிது, பெரிதாக்க முடியாது.

தொடராகப் போடுவதென்றால் நான்கு அத்தியாயமாவது கையில் முடிந்த பிறகு முதலாவதை வெளியிடுங்கள். ஓவியருக்குக் காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும், வேறு வேலை கிடைக்கும். விலகுகிறேன் என்றால் செய்த பக்கங்களுக்குப் பணத்தைத் தீர்த்து, அவர் பெயரை அந்தப் பக்கங்களில் அப்படியே வைத்து, பாத்திர வடிவங்களை அடுத்தவர் தொடரலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தியாயம் ஒவ்வொன்றும் தனிக் கதையாக நிற்கும்படி எழுதியிருந்தால், புதிய ஓவியர் அடுத்த அத்தியாயத்திலிருந்து தன் கோட்டில் தொடங்கிவிடலாம்.